பதினேழாம் தேதி அமாவாசை

கற்பூரம் ஏற்றி, அதை வெறுங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நடந்தது நடந்தபடி. சந்தேகப்படுகிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை.

ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலையில் ஒருவர் இருந்தார். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் அது. மளிகைக் கடை, மருந்துக் கடை, பாத்திரக் கடை என்று யார் வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுத்தாலும் மேலே இருக்கிற சாமி படமும் கடைப் பெயரும்தான் மாறும். கீழே தொங்குகிற தாள் கட்டு இந்த அச்சகத்தில் அடித்ததாகத்தான் இருக்கும். ஆகவே ஊரில் எந்தச் சுவரில் தேதி பார்த்தாலும் அது அவர் பார்த்து அனுப்பிய தேதி. இருபத்திரண்டு வருடமாக அதில் ஒரு பிழை கிடையாது. ராகுகாலம் ஒரு நிமிடம் நகர்ந்ததில்லை. முகூர்த்த நாள் பக்கம் மாறி விழுந்ததில்லை. அச்சகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் பூதத்தை எடுத்துவிட்டு, கண்ணாடி சார் என்பார்கள்.

பூதக்கண்ணாடியால் ஒரு பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சிலருக்குத் தூசி பட்டால் தும்மல் வருவதுபோல அது அவருடைய உடம்புவாகு. மனைவி எழுதிக் கொடுக்கிற மளிகைச் சீட்டைச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, அவர்கள் குடித்து முடிப்பதற்குள் நாலு திருத்தம் போட்டுக் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை தெருமுனையில் ஒட்டியிருந்த இரங்கல் சுவரொட்டியில் செத்தவரின் வயதைத் திருத்திவிட்டார். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு பழைய சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தால் இவர் போட்ட வயதுதான் சரி.

முதலாளிக்கு இவர்மேல் உயிர். முதலாளி உயிரை வைத்திருந்த இன்னொருவர் உயிரோடு இல்லை. அச்சகத்தைத் தொடங்கிய அவருடைய அப்பாதான் அது. அப்பா இருந்தபோது எதிரே நின்று பேசப் பயந்த முதலாளி, அப்பா போனபின் அவர் படத்துக்கு எதிரே நின்று தும்மவும் பயந்தார். அமாவாசை தவறாமல் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, மாடியில் காக்கைக்குச் சோறு வைத்து, அது வந்து தொட்ட பிறகுதான் தன் வாயில் ஒரு பருக்கை வைப்பார். அன்றைக்கு அச்சகத்துக் கேன்டீனில் யாராவது வெங்காயம் உரித்தால், உரித்தவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை. வருடா வருடம் காலண்டர் வேலை ஆரம்பிக்கும்போது அப்பா படத்தின் முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "இதுல ஒரு பிழை வந்துச்சுன்னா, அது யாரால வந்துச்சோ அவங்க அன்னிக்கே வேலைய விட்டுப் போயிடலாம்." சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார். அது தனக்கில்லை என்று பூதக்கண்ணாடியும் சிரிப்பார்.

அந்த வருடம் ஒரு மாதத்தில், ஐந்தாம் தேதி காலை, சிரிப்பு நின்றது.

அவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பும்போது மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்.

"ஏங்க, வெங்காயம் அரைக் கிலோ போதும். பதினேழாம் தேதிக்குள்ள தீர்த்துடணும். அமாவாசை வருது."

"அமாவாசை ரெண்டாம் தேதியே போயிடுச்சு."

"போச்சு. திரும்ப வருது."

"அமாவாசை என்ன உங்க அண்ணனா, போன பதினஞ்சாம் நாள் திரும்பி வர்றதுக்கு?"

"எங்க அண்ணன எதுக்கு இப்ப இழுக்குறீங்க? நீங்க பாத்த காலண்டர்லதான் போட்டிருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். பதினேழில் கை நின்றது. பௌர்ணமிக்கு வெறும் கோடாக ஒரு வெள்ளை வட்டமும், அமாவாசைக்கு முழுக்க அடைத்த கறுப்பு வட்டமும் போடுவது வழக்கம். பதினேழாம் தேதி பௌர்ணமி. வெள்ளை வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் நல்ல உருண்டையாக, பளபளவென்று ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் அமாவாசை என்று போட்டிருந்தது. ரெண்டாம் தேதி ஒன்று, பதினேழாம் தேதி ஒன்று. அந்த மாதத்துக்குப் பௌர்ணமியே இல்லை.

பை கையிலிருந்து விழுந்தது. வெங்காயம் வாங்கப்படவில்லை.

அச்சகத்துக்குப் போனதும் இரும்பு பீரோவைத் திறந்து, அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடைசிப் படியைத் தேடி எடுத்தார். பதினேழாம் தேதிப் பக்கத்தில் அந்த வட்டம் சிவப்புப் பேனாவால் அடைக்கப்பட்டிருந்தது. ஒரு பிசிறு இல்லை. கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகவில்லை. பார்த்த உடனே அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

அந்தப் படியைத் திருத்திய அன்றைக்கு மச்சான் போன் பண்ணியிருந்தார். மனைவியின் அண்ணன். புதிதாக ஒரு கட்டில் வாங்கி, அது வாசல் வழியாக நுழையாமல், ஜன்னல் வழியாகவும் நுழையாமல், கடைசியில் கட்டிலை வெளியே போட்டுவிட்டுத் தானும் வெளியே படுத்துக்கொண்ட கதையை அவர் நாற்பது நிமிடம் சொன்னார். "மாப்ள, இருக்கீங்களா?" என்று நடுநடுவே கேட்டார். மாப்பிள்ளை இருந்தார். இடது கையில் போன். வலது கையில் பேனா. சும்மா இருக்கிற கை கண்ணில் படுகிற சுழியையெல்லாம் அடைக்கும். இது உலகத்தில் போன் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் காலண்டர்மேல் செய்வதில்லை.

கணினியில் பக்கம் கட்டுகிற பெண்ணின் மேஜைக்குப் போனார். ஏழு வருடமாக இவர் போடுகிற திருத்தங்களைக் கணினியில் ஏற்றுகிறவள் அவள்.

"ஏம்மா, இந்த வட்டத்த நான் அடைச்சிருக்கேன்."

"ஆமா சார்."

"நீ ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"செவப்புன்னா திருத்தம், திருத்தம்னா கேள்வி கிடையாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன். ரெண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தீங்க. எனக்கு மத்தியானச் சாப்பாடு போச்சு."

"சரி, வட்டத்த அடைச்சே. கீழ பௌர்ணமின்னு இருந்தத யாரு அமாவாசைன்னு மாத்தச் சொன்னா?"

"வட்டம் கறுப்பா இருந்து, கீழ பௌர்ணமின்னு போட்டா அது பிழை இல்லையா சார்?"

பூதக்கண்ணாடி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தார். அவரே பயிற்றுவித்த பெண். வேலை சுத்தமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் உள்ளே போய், அவர் காலையில் திருத்திய மளிகைச் சீட்டை எடுத்துவந்து எதிரே வைத்தாள்.

"கடுகுக்கு ஒரு எழுத்து விட்டுட்டேன்னு இங்க ஒரு கோடு போட்டிருக்கீங்க. நான் கடுகுல விட்டேன். நீங்க ஒரு முழு நிலாவ விட்டிருக்கீங்க."

"முதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னா?"

"வேலை போயிடும்."

"சொல்லலன்னா?"

"பதினேழாம் தேதி சாயங்காலம் நிலா வந்து அதுவே சொல்லிடும். அப்பவும் போயிடும்."

"அப்ப பதினேழு வரைக்குமாவது சம்பளம் வரட்டும்," என்றாள் மனைவி. அவள் எப்போதும் காரியத்தில் கண்ணாக இருப்பவள்.

அவருக்குச் சம்பளம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் தன்னால் ஒரு பிழை வந்ததில்லை என்று தெருவில் நிமிர்ந்து நடந்த கழுத்து, இனி எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் கவலை. கடைசிப் படியின் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது அங்கேயே இருந்து நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் ஊர் பதினேழாம் தேதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. யாருக்காவது சந்தேகம் வராதா என்று பூதக்கண்ணாடி காது கொடுத்துக் கேட்டார். புரோகிதருக்கு வந்தது. ஆனால் புரோகிதர் வீட்டிலும் அதே காலண்டர்தான். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அதிக மாசம்னு ஒண்ணு வரலையா? அந்த மாதிரி இது அதிக அமாவாசை. ரொம்ப விசேஷம். நூத்தியெட்டு வருஷத்துக்கு ஒருதடவதான் வரும்," என்று சொன்னார். மூன்றாவது வீட்டில் அது ஆயிரத்தெட்டு வருடமாகியிருந்தது.

பதினோராம் தேதி பூதக்கண்ணாடி ஒரு முடிவுக்கு வந்தார். ஊரில் எல்லாச் சுவருக்கும் போக முடியாது. முதலாளி பார்க்கிற ஒரு சுவரையாவது சரிசெய்யலாம். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அவர் அறைக்குள் போய், காலண்டரில் ஆறு தாளைத் தூக்கி, ஏழாவதைப் பிடித்து, சத்தம் வராமல் கிழிக்கப் பார்த்தார். கதவு திறந்தது.

"என்ன கண்ணாடி சார், இங்க?"

விரல் இன்னும் பதினேழின்மேல் இருந்தது. "ஒண்ணுமில்ல முதலாளி. சும்மா பாத்துட்டிருந்தேன்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "அச்சாகி, கட்டாகி, ஊரெல்லாம் தொங்கின பின்னாடியும் ஒவ்வொரு தாளாப் பாத்துட்டிருக்கீங்களே. எங்க அப்பாகூட இவ்வளவு பாக்க மாட்டாரு." அப்பா படத்தை ஒருமுறை பயந்து திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பாத்திருப்பாரு. ஆனா உங்க அளவுக்கு இல்ல."

பூதக்கண்ணாடி துணிந்தார். "முதலாளி, அமாவாசை இப்பதான் ரெண்டாம் தேதி போச்சு. மறுபடியும் பதினேழாம் தேதி போட்டிருக்கே, உங்களுக்கு ஏதும்…"

"அதத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் முதலாளி, கதவைச் சாத்திவிட்டு. "ரெண்டாம் தேதி ராத்திரி அப்பா கனவுல வந்தாரு. எள்ளு பத்தல, எனக்கு இன்னொரு தடவ குடுன்னாரு. அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே, அதுவரைக்கும் பசியோட இருப்பாரேன்னு நடுங்கிப்போயிட்டேன். காலைல எழுந்து காலண்டரப் பாக்குறேன், பதினஞ்சே நாள்ல இன்னொரு அமாவாசை. நீங்க போட்டது. எங்க அப்பாவுக்குன்னே போட்டது மாதிரி."

பூதக்கண்ணாடி பதினேழின்மேல் இருந்த விரலை மெல்ல எடுத்துவிட்டார்.

"புது மெஷின் ஓட்டி ஆரம்பிக்கிறதையும் அன்னிக்கே வச்சுட்டேன். அமாவாசை நிறைஞ்ச நாள். ஆரம்பிச்சது விளங்கும். சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு நல்ல நேரம், உங்க காலண்டர்லயே இருக்கு. முதல் மாலை உங்களுக்குத்தான்."

மாலை என்ற சொல் பூதக்கண்ணாடியின் காதில் வேறு விதமாக விழுந்தது.

புது மெஷினைப் பூட்டிக்கொடுக்கத் தூரத்திலிருந்து ஒரு பிட்டர் வந்திருந்தான். நாலு வண்ணத்தில் அடிக்கிற மெஷின். முன் முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. அரை நாளில் பூட்டி முடித்தவன், ஓட்டிக் காட்டுகிற நாளைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"அமாவாசையா? எங்க பக்கம் அமாவாசையன்னிக்கு ஒரு ஸ்க்ரூகூட முடுக்க மாட்டோம். இருட்டு நாளு. கையி போயிடும்."

"எங்க பக்கம் அதவிட நல்ல நாளே கிடையாது," என்றார் முதலாளி.

"உங்க பக்கத்துக்கு உங்க கையி, எங்க பக்கத்துக்கு எங் கையி."

ஒரே வானம், ஒரே நிலா. ஆனால் ஒருவருக்கு நிறைந்த நாள், இன்னொருவருக்கு இருட்டு நாள். இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். பிறகு முதலாளி, "கண்ணாடி சார், நீங்க கொஞ்சம் இவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூதக்கண்ணாடி முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு வாரமாக யாரிடமாவது சொல்லிவிட மாட்டோமா என்று தவித்துக்கொண்டிருந்தவர். பிட்டரின் காதருகே குனிந்தார்.

"தம்பி, பயப்படாத. அன்னிக்கு அமாவாசை இல்ல. பௌர்ணமி."

"காலண்டர்ல கறுப்பா போட்டிருக்கே அண்ணே."

"அது பிழை. நான் செஞ்ச பிழை."

பிட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். "அப்ப சரி. நான் எதுக்குப் பயப்படணும்? நீங்கதான் பயப்படணும்."

பதினேழாம் தேதி விடிந்தது. முதலாளி குளித்து, புரோகிதர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைத்தார். கனவில் வந்த கோரிக்கையை மனதில் வைத்து எள்ளை இரண்டு பங்காக எடுத்தார். பிறகு மாடியில் சோறு வைத்துக் காகா என்று கூப்பிட்டார். வழக்கமாக வருகிற காக்கை எதிர்வீட்டுக் கம்பத்தில் உட்கார்ந்திருந்தது. வரவில்லை. முதலாளியைப் பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்தது. மறுபடி முதலாளியைப் பார்த்தது. இப்படி ஒன்றேகால் மணி நேரம். கடைசியில், சாப்பிட்டுக் கைகழுவின மனிதனை இன்னொரு பந்திக்கு இழுத்து உட்காரவைத்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகத்தோடு வந்து, ஒரே ஒரு பருக்கையைக் கொத்திக்கொண்டு பறந்தது. "அப்பாவுக்கு எம்மேல இன்னும் கோபம் தீரல," என்று முதலாளி அச்சகத்துக்கு வந்து பூதக்கண்ணாடியிடம் சொன்னார். பூதக்கண்ணாடி தண்ணீர் குடிக்கப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முற்றத்தில் அச்சகமே கூடியிருந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ. பூதக்கண்ணாடியின் கழுத்தில் மாலை. முற்றத்துக்குக் கிழக்கே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவர் அதைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றார். பார்க்காவிட்டால் நிலா வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவராகவே நம்பிப் பார்த்தார்.

ஆறேகால். முதலாளி பொத்தானில் விரலை வைத்தார். கேன்டீன் அம்மா சொன்னாள்: "அங்க பாருங்க, தொட்டிக்குப் பின்னாடி. அது என்ன?"

எல்லோரும் திரும்பினார்கள். தொட்டிக்குப் பின்னாலிருந்து, துலக்கிவைத்த பித்தளைத் தாம்பாளம் போல, முழுசாக, ஒரு ஓரம்கூடக் குறையாமல் நிலா எழும்பிக்கொண்டிருந்தது. முற்றம் வெளுத்தது. மெஷின் பளபளத்தது. அறுபது பேருடைய நிழலும் தரையில் தெளிவாக விழுந்தது.

முதலாளி நிலாவைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பார்த்தார். மாலைக்கு உள்ளே பூதக்கண்ணாடி வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கறுப்பு வட்டம் போட்டிருக்கு," என்றார் முதலாளி நிதானமாக. "கண்ணாடி சார் பாத்து அனுப்பினது. அப்ப அது நிலா இல்ல."

சொன்னதும் கூட்டத்துக்கு உயிர் வந்தது.

"ஆஸ்பத்திரி மாடியில புது லைட்டு போட்டிருக்காங்கல்ல," என்றார் பைண்டிங் பிரிவுக்காரர்.

"விளம்பர பலூனா இருக்கும். நகைக்கடைக்காரங்க நகைப் படம் போட்டு விடுவாங்க."

"நகைய எங்க காணோம்?"

"அந்தப் பக்கம் இருக்கும்யா."

"போன அமாவாசைக்கே இப்படி ஒண்ணப் பாத்தேன், யாரும் நம்ப மாட்டீங்கன்னு சொல்லல," என்றார் வாட்ச்மேன்.

பூதக்கண்ணாடிக்கு நெஞ்சில் ஒரு பாறை நகர்ந்தது. தப்பித்தாயிற்று. வேலை போகவில்லை. பெயரும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் நின்றால் போதும், எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"அது நிலா இல்ல," என்றார் முதலாளி இன்னொரு முறை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க."

அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இருந்தது. அது அவர் கண்ணெதிரே, திருத்தப்படாமல், அறுபது பேர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. கையை அடக்கப் பார்த்தார். அது அடங்கவில்லை. பேனாவின் மூடியும் தானாகக் கழன்றது. இனித் தும்மலை அடக்க முடியாது.

"முதலாளி, பிழை."

"எங்க?" முதலாளி பதறி மெஷினைப் பார்த்தார்.

"மெஷின்ல இல்ல. காலண்டர்ல. அது நிலாதான். இன்னிக்குப் பௌர்ணமி. மச்சான் கட்டில் வாங்கின கதையச் சொல்லிட்டிருந்தாரு. நான் கைக்கு வேலையில்லாம வட்டத்த அடைச்சுட்டேன். என்னால வந்த பிழை. நான் இன்னிக்கே போயிடுறேன்."

கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். முற்றத்தில் பூ உதிர்கிற சத்தம் கேட்டது. முதலாளியின் முகம் அப்பா படம் போல ஆனது. பிட்டர் பாவப்பட்டு, உதவி செய்கிற நினைப்பில் நடுவில் புகுந்தான்.

"ஆமா சார். இவரு உண்மையத்தான் சொல்றாரு. போன வாரமே எங்கிட்ட ரகசியமா சொன்னாரு, பௌர்ணமின்னு. அதனாலதான் நான் இன்னிக்கு ஓட்டிக் காட்ட ஒத்துக்கிட்டேன்."

முதலாளி பிட்டரைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மலர்ந்தது.

"ஓ. இவன மடக்குறதுக்கா?" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? இவன் அமாவாசைக்குப் பயந்து வேலை செய்ய மாட்டேன்னு நின்னான். நான்தான் சாரப் பேசச் சொன்னேன். ஜென்மத்துல ஒரு பிழை விடாத மனுஷன், நம்ம மெஷினுக்காக ஒரு பொய் சொல்லியிருக்காரு. அந்தப் பொய் வெளிய வந்தா இவன் பாதியில ஓடிடுவான்னு, இப்ப எல்லார் முன்னாடியும் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு."

கைதட்டல் எழுந்தது. மாலை மறுபடி கழுத்துக்கு வந்தது.

"இல்ல முதலாளி, நிஜமாவே." பூதக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். விளக்கே தேவைப்படவில்லை, நிலா வெளிச்சத்தில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. "இதோ பாருங்க. நான் அடைச்சது."

முதலாளி வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு சுத்தமா அடைச்சிருக்கீங்க. கோட்டுக்கு வெளிய ஒரு புள்ளி இல்ல. இது போன் பேசிக்கிட்டே செஞ்சதா? இத எந்த மடையனும் நம்ப மாட்டான்."

பூதக்கண்ணாடி கடைசியாகப் பக்கம் கட்டும் பெண்ணைத் தேடிப் பிடித்தார். "சொல்லும்மா. நீயாவது சொல்லு."

அவள் நிலாவைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "ஏழு வருஷமா பாக்குறேன் சார். நீங்க செவப்புல போட்டது எதுவும் தப்பா இருந்ததில்ல," என்றாள். அதில் பரிகாசம் இருந்ததா, பக்தி இருந்ததா என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதலாளி பொத்தானை அழுத்தினார். மெஷின் ஓடியது. பிட்டர் கையை எண்ணிப் பார்த்துக்கொண்டான், இரண்டும் இருந்தன. எல்லோரும் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து, இவ்வளவு வெளிச்சமான அமாவாசையைத் தங்கள் ஆயுசில் கண்டதில்லை என்று பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். கிளம்பும்போது முதலாளி பூதக்கண்ணாடியின் தோளில் கைபோட்டு வாசல்வரை வந்தார்.

"ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க. ரொம்ப உழைச்சுட்டீங்க, கண்ணுல நிலா தெரியுது. அப்புறம், அடுத்த வருஷக் காலண்டர்ல எல்லாத் தாளுக்கும் அடியில ஒரு வரி சேத்துடுங்க. இந்த மாதிரி சந்தேகம் இனிமே யாருக்கும் வரக் கூடாது." ஒரு துண்டுத் தாளில் தானே எழுதி நீட்டினார்.

பூதக்கண்ணாடி தெருவிளக்குக்கு அவசியமில்லாத தெருவில் நின்று படித்தார்: 'நிலா சில நாட்களில் தவறாகத் தெரியக்கூடும். அந்நாட்களில் காலண்டரையே பின்பற்றவும்.'

வரியில் பிழை ஏதும் இல்லை. இரண்டு தடவை தேடினார். ஒரு எழுத்துகூட இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். நிலாவும் கூடவே வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது.

மனைவி வாசல் படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையும் கழுத்துமாக வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"வேலை?"

"இருக்கு."

"பேரு?"

"அதுவும் இருக்கு. முன்னவிட ஜாஸ்தியா இருக்கு." அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். "இனி நான் என்ன பிழை செஞ்சாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் அந்த அமாவாசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கற்பூரம் அணைவதற்குள் இதையும் சொல்லிவிடலாம்: அந்த அச்சகத்தில், தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, மருந்து அட்டைப்பெட்டிகள் மட்டுமே அச்சாகின்றன; காலண்டர் ஒன்றுகூட அச்சானதில்லை.